கத்தியும் தற்காப்பும்: வேலூர்ப் பக்கம் பயிற்சிக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

சிலம்பக் கூடமோ, கராத்தே வகுப்போ, கல்லூரியில் நடக்கும் ஒருநாள் முகாமோ, எங்கே போனாலும் கத்தியைப் பற்றிய கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்காரர்களையும் மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கத்தியோடு வருபவனிடமிருந்து வெறுங்கையால் கத்தியைப் பிடுங்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. வகுப்பில் முடிகிறதே என்றால், அங்கே எதிரில் நிற்பவர் ஒரே ஒரு குத்துக் குத்திவிட்டு, கையை நீட்டியபடியே நிற்கிறார். நீங்கள் சாவகாசமாக மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புகிறீர்கள். உண்மையில் குத்துபவன் இடது கையால் சட்டையையோ கழுத்தையோ பிடித்துக்கொள்வான். வலது கை இடுப்புக்குக் கீழிருந்து போகும், வரும், மறுபடி போகும். விநாடிக்கு இரண்டு மூன்று முறை. கண்ணால் பார்த்துக் கை அசையவே கால் விநாடி ஆகிவிடும், அதற்குள் கத்தி திரும்பிப் போயிருக்கும்.

மணிக்கட்டைக் குறிவைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கையிலேயே அதிக வேகமாக நகர்வது அந்தப் பகுதிதான். முழங்கையை ஒட்டிய இடம் அவ்வளவு தூரம் நகராது. வேர்வையும் இரத்தமும் பட்டால் மணிக்கட்டுப் பிடி வழுக்கும். கத்தியைப் பிடுங்குவது, எதிராளியின் கையை முழுதாக அடக்கிய பிறகு சில சமயம் வாய்க்கும் விஷயம். அதையே இலக்காக வைத்துப் பழகக் கூடாது.

அப்படியானால் எதற்குப் பயிற்சி?

முன்கூட்டியே பார்க்க, இடைவெளி விட, இடையில் ஒரு பொருளை வைக்க, மாட்டிக்கொண்டால் அந்தக் கையை அடக்கி நழுவ, கடைசியாக இரத்தத்தை நிறுத்த. வரிசை இதுதான். பெரும்பாலான வகுப்புகள் நான்காவதில் ஆரம்பித்து நான்காவதிலேயே முடித்துவிடுகின்றன.

எவ்வளவு தூரத்தில் நின்றால் ஆபத்தில்லை?

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான், உறையிலிருக்கும் துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது என்பது அவர் காட்டிய கணக்கு. 21 அடி என்றால் 6.4 மீட்டர், நம்மூர் ஆட்டோ இரண்டரை நிற்கும் நீளம். அதைத் தாண்டி நின்றால் பத்திரம் என்று சிலர் இதைக் கோடாகப் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டூலர் சொன்னது அதுவல்ல. அவ்வளவு தூரம் இருந்தும் நேரம் போதாமல் போகலாம் என்பதே.

நேதாஜி மார்க்கெட்டிலோ காட்பாடி ரயில் நிலைய வாசலிலோ 21 அடி காலி இடம் எங்கே கிடைக்கும்? தூரம் கிடைக்காத இடத்தில் தடை வேண்டும். நிறுத்தியிருக்கும் பைக், டீக்கடை பெஞ்ச், தள்ளுவண்டி, மேசை எதுவானாலும் சரி. அதைச் சுற்றி வர அவனுக்கு இரண்டு அடி கூடுதலாகும். அந்த இரண்டு அடிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். கையில் ஹெல்மெட் இருந்தால் உள்பக்கம் உங்களைப் பார்க்க, இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டுங்கள். முதுகுப்பையைக் கழற்றி நெஞ்சுக்கு முன்னால் பிடிப்பதும் உதவும்.

பின்பக்கமாகவே நடந்து போகாதீர்கள். முன்னால் ஓடிவருபவனை விட வேகமாக யாராலும் பின்னால் ஓட முடியாது, நான்காவது எட்டில் கால் இடறும். இடைவெளி இருக்கும்போதே திரும்பி ஓடுங்கள். இரண்டு கை நீளத்துக்குள் வந்துவிட்டால் முதுகைக் காட்டக் கூடாது.

இதை மைதானத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். டேப் வைத்து 10, 15, 21 அடிகளில் கோடு போடுங்கள். ஒருவர் ரப்பர் கத்தியோடு ஓடி வரட்டும். அவர் அசைந்த பிறகுதான் மற்றவர் திரும்பி ஓட வேண்டும். 10 அடியில் தப்பித்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால் இந்தப் பதில் முழுதும் தேவைப்படாது.

கத்தி வைத்திருக்கிறான் என்று எப்படித் தெரியும்?

முகத்தை அல்ல, கையைப் பாருங்கள். ஒரு கை மட்டும் தொடைக்குப் பின்னால், பாக்கெட்டுக்குள், சட்டைக்கு அடியில் அல்லது துண்டுக்குள் மறைந்திருக்கும். அந்தத் தோள் அசையாமல் இறுகியிருக்கும். பேசிக்கொண்டே நெருங்குவான், நடுவில் சுற்றுமுற்றும் ஒரு பார்வை ஓடும். குத்துப்பட்டவர்களில் பலர் முதலில் முஷ்டியால் அடி விழுந்ததாகவே நினைக்கிறார்கள், சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது. ஆகவே கை தெரியாத எந்தச் சண்டையிலும் கத்தி இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தியைக் காட்டி மிரட்டுபவனும் குத்த வருபவனும் ஒன்றா?

இல்லை. காட்டுபவனுக்கு உங்களிடம் ஏதோ வேண்டும். செல்போன், பர்ஸ், சங்கிலி. கொடுத்துவிடுங்கள். கையில் கொடுக்கப் போகாமல் பர்ஸை ஒரு பக்கமாக எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுவது மேல். "வண்டியில் ஏறு" என்றால் மட்டும் ஏறக் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போன பிறகு உங்களுக்கு இருக்கும் வழிகள் இன்னும் குறையும். கத்தவோ ஓடவோ வேண்டுமானால் அந்த இடத்திலேயே செய்துவிட வேண்டும்.

இன்னொரு பக்கம் இருக்கிறது, தற்காப்பு வகுப்புகள் அதைப் பேசுவதே இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள். அவற்றில் 9,962-க்குக் காரணம் தகராறு, 3,761-க்கு முன்விரோதம். பணம், பொருளுக்காக நடந்தவை 1,884. இருட்டுச் சந்தில் வரும் முகம் தெரியாத ஆளை நினைத்தே எல்லோரும் பழகுகிறோம். ஆனால் வரப்புத் தகராறு, கொடுத்த கடன், குடித்துவிட்டு வந்த பேச்சு, பைக் உரசியதில் தொடங்கிய வாய்ச்சண்டை ஆகியவைதான் கணக்கில் முன்னால் நிற்கின்றன.

தெரிந்த ஆளிடம் நமக்கு எச்சரிக்கை வருவதில்லை, அண்ணே தம்பி என்று கையைப் பிடித்துச் சமாதானம் பேசப் போகிறோம். சண்டை முற்றும் நேரத்தில் ஒருவர் சட்டென்று பேச்சை நிறுத்தி உள்ளே போனால், என்ன எடுக்கப் போகிறார் என்று நின்று பார்க்காதீர்கள். அந்தச் சில விநாடிகளில் தெருவுக்கு வந்துவிட வேண்டும். வீட்டுக்குள் சண்டை என்றால் சமையலறையில் நிற்காதீர்கள், வாசற்கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும். வீட்டுக்குள் இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால், பெண்களுக்கான 181 எண்ணில் முன்பே பேசிவைப்பது கையை முறுக்கி அடக்கும் எந்தப் பூட்டுப்பிடியையும் விடப் பயனுள்ளது.

ஓட இடமில்லை, மேலேயே விழுந்துவிட்டான். என்ன செய்வது?

வெட்டுப்படும் என்று ஒப்புக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். எங்கே படுகிறது என்பதைத்தான் ஓரளவு தீர்மானிக்க முடியும். தாடையைத் தாழ்த்துங்கள், முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும். முன்கையின் வெளிப்புறம் அவன் பக்கம் இருக்க வேண்டும். உட்புறத்தில்தான் இரத்தக்குழாயும் விரல்களை இயக்கும் நரம்பும் தசைநாணும் ஓடுகின்றன.

அரைத் தூரத்தில் நிற்பதுதான் மிகக் கெட்ட இடம். ஒன்று வெளியே போக வேண்டும், முடியாவிட்டால் முழுதாக ஒட்டிவிட வேண்டும். அவன் கை பின்னுக்குப் போகும் தருணத்தில் உள்ளே புகுந்து, அந்த ஒரு கையின் மீது உங்கள் இரண்டு கையையும் போடுங்கள். ஒரு கை அவன் முழங்கைக்கு மேலே, மற்றது முன்கையில். உங்கள் நெஞ்சை அந்தக் கையோடு அழுத்தி, அவன் உடம்போடோ சுவரோடோ சேர்த்து நசுக்குங்கள். தலையை அவன் தோளில், வெளிப்பக்கமாகப் புதையுங்கள். கால் நிற்கக் கூடாது, தள்ளிக்கொண்டே போக வேண்டும். பின்னால் சாய்ந்து தடுமாறுபவனால் பலமாகக் குத்த முடியாது. முழங்காலால் இடியுங்கள், "கத்தி! கத்தி!" என்று சத்தம் போடுங்கள். அவன் நிலை குலைந்ததும் தள்ளிவிட்டு ஓடுங்கள்.

தவறுகள் எங்கே நடக்கின்றன என்றால், ஒரே கையால் பிடிப்பது, பிடித்த பிறகு அப்படியே நின்றுவிடுவது, அவனுடைய காலியான கையை மறந்துவிடுவது ஆகிய மூன்றில்தான். அந்தக் காலியான கைக்குக் கத்தி மாறிவிடும். தரையில் உருளுவதும் வேண்டாம். கீழே உங்களால் விலக முடியாது, கத்திக்கு எல்லா இடமும் எட்டும்.

இரண்டு கையையும் குறுக்காக வைத்துத் தடுப்பது? காலால் கத்தியை எத்துவது?

குறுக்குத் தடுப்பு ஒரே ஒரு நேர்க்குத்துக்கு வேலை செய்யும். கத்தி பின்னுக்கு இழுக்கப்படும்போது உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தை அறுத்துக்கொண்டு போகும். எத்துவது படப்பிடிப்புக்கு.

சிலம்பம் தெரிந்தால் போதாதா?

கையில் கம்பு இருந்தால் பெரிய பலம். நெற்றி உயரக் கம்பு ஐந்து, ஐந்தரை அடி. கத்திக்காரன் உங்களை எட்டுமுன் கம்பு அவனை எட்டிவிடும். ஆனால் கம்போடு யாரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாகாயம் போவதில்லை. கம்பு இல்லாதபோது சிலம்பத்திலிருந்து என்ன மிஞ்சும் என்பதுதான் சரியான கேள்வி. காலடி மிஞ்சும். நேர்க்கோட்டில் பின்வாங்காமல் கோணத்தில் விலகும் பழக்கம், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும் வேகம், எதிராளியின் தூரத்தைக் கண்ணால் அளப்பது, இவை பல வருடம் கால்வரிசை போட்டவருக்கு உடம்பில் ஊறியிருக்கும். அதே பழக்கம் குடைக்கும், துடைப்பக் கட்டைக்கும், பிளாஸ்டிக் நாற்காலிக்கும் உதவும்.

வீச்சு உதவாது. மின்விசிறி சுற்றும் பத்துக்குப் பத்து அறையில் கம்பைச் சுழற்றினால் சுவரில்தான் படும். அங்கே குத்தல் வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நேராகக் குத்தித் தள்ளி நிறுத்துவது. விழா மேடைக்காகப் பழகும் பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது, அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடமுண்டு. நல்லதுதான். ஆனால் போட்டிக்காகப் பழகுவதையும் கத்திக்காகப் பழகுவதையும் ஒன்றாக்கக் கூடாது. சிலம்பத்தோடு சேர்ந்த ஆயுதங்களான சுருள்வாளும் மான்கொம்பும் காப்பாற்ற வேண்டிய கலைகள். அவை தெருவுக்கான பதில்கள் அல்ல.

பிடிவரிசை, அதாவது வெறுங்கையால் பிடித்து அடக்கும் முறை, சொல்லித்தரும் ஆசான் கிடைத்தால் விடாதீர்கள், எதிராளி உண்மையாகவே உதறும்படி பழக வேண்டும், அவ்வளவுதான். வர்ம அடியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு: வெறியில் அசைந்துகொண்டே இருப்பவனிடம் விரல் நுனி அளவு இடத்தைத் தேட முடியாது.

கராத்தே, குத்துச்சண்டை, ஆர்னிஸ்... எது சிறந்தது?

பிலிப்பைன்ஸின் ஆர்னிஸ் கத்தியையும் குச்சியையும் மையமாகக் கொண்டது. 2009-இல் அந்நாட்டுச் சட்டம் அதைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது. கத்தி எந்தெந்தக் கோணத்தில் வரும் என்பதை அதைப்போல வேறெதுவும் கற்றுத்தராது. ஆனால் இருவரும் தாளத்துக்குத் தட்டும் பயிற்சியிலேயே நின்றுவிட்டால் அது கோலாட்டம்தான். மாதக் கணக்கில் கத்தி நுணுக்கங்களை மனப்பாடம் செய்பவரை விட, அதே காலம் குத்துச்சண்டையோ ஜூடோவோ மல்யுத்தமோ பழகியவர் நெருக்கத்தில் தேறுவார். தள்ளும் ஆளை எதிர்த்து அவர் தினமும் பழகியிருப்பார்.

நல்ல வகுப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்க்கர் சோதனை நடத்துகிறார்களா என்று கேளுங்கள். பழைய வெள்ளைப் பனியன், வெள்ளைப்பலகையில் எழுதும் சிவப்பு மார்க்கர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு விசில் போதும். மார்க்கரை மடக்கிய விரல்களுக்குள் பிடித்து முனை அரை அங்குலம் மட்டும் வெளியே தெரிய விட வேண்டும். தாக்குபவருக்கு மூன்று கட்டளை: ஒரு கையால் பிடி, கையை உடனே இழு, நிறுத்தாதே. பத்து விநாடி. விசில். பிறகு கோடுகளை எண்ணுங்கள். கழுத்து, அக்குள், விலா, கவுட்டி, கையின் உட்புறம் ஒரு கணக்கு. முன்கையின் வெளிப்புறம், தோள் இன்னொரு கணக்கு. முதல் நாள் பனியன் முழுக்கச் சிவப்பாகும். சில மாதத்தில் மொத்தக் கோடுகள் கொஞ்சம் குறையலாம். முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கு மாறுவதுதான் உண்மையான முன்னேற்றம். ஆயிரம் முறை பழகினாலும் பூஜ்யம் வராது. வரும் என்று சொல்லும் மாஸ்டரிடம் மார்க்கரைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பாருங்கள்.

நிஜக் கத்தியை, மழுங்கியதே ஆனாலும், கூடத்துக்குள் கொண்டுவரும் இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். பயிற்சிக்கு முன் எல்லோருடைய பாக்கெட்டையும் காலி செய்வது கட்டாயம். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை முடித்து நேராக வருபவர்கள் தோல் வெட்டும் பிளேடை மறந்து பாக்கெட்டிலேயே வைத்திருக்க வாய்ப்புண்டு. அலுமினியப் பயிற்சிக் கத்தியின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ரப்பர் கத்தியும் கண்ணைக் குருடாக்கும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வேகப் பயிற்சி கிடையாது.

பள்ளியில் நடக்கும் ஒருநாள் முகாம் போதுமா?

கையைப் பார்ப்பது, சத்தம் போடுவது, எந்தப் பக்கம் ஓடுவது, இவை ஒரு நாளில் வரும். நெருக்கத்தில் கையை அடக்குவது வராது. வாரம் இரண்டு நாள், தலா ஒன்றரை மணி நேரம், ஆறு மாதம் வேண்டும். அதில் பாதி நேரம் ஓட்டமும் தள்ளுமுள்ளும்தான். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், அதை நம்பி யாரையும் எதிர்த்து நிற்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெப்பர் ஸ்பிரே?

வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று மீட்டருக்குள்தான் வேலை செய்யும், எதிர்க்காற்றில் உங்கள் கண்ணுக்கே வரும். கண்ணை மூடியபடியும் ஒருவனால் குத்த முடியும் என்பதால் அடித்தவுடன் பக்கவாட்டில் விலகி ஓட வேண்டும். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்தால் டப்பா கெடும், வெடிக்கவும் கூடும். காலாவதித் தேதியைப் பாருங்கள்.

தோல் ஜாக்கெட் காப்பாற்றுமா?

நம் ஊர்த் தொழில் என்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். உடுப்புத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஷூ மேல்தோல் அதைவிடச் சற்றுத் தடிமன். கீறலை ஓரளவு தாங்கும், முனையால் குத்தினால் தாங்காது. வெட்டுத் தாங்கும் கையுறைகளும் அப்படியே.

நானும் ஒரு கத்தி வைத்துக்கொண்டால்?

வேண்டாம். வெளியே எடுப்பதற்குள் சண்டை முடிந்துவிடும். எடுத்துவிட்டால் வாய்ச்சண்டை கொலை வழக்காகும். ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான கத்திகள், வீடு, விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவை தவிர, ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டும். காய் நறுக்கும் கத்தியானாலும், இரவில் இடுப்பில் செருகியிருந்தால் ரோந்துப் போலீஸுக்கு விளக்கம் சொல்வது உங்கள் பாடு.

தற்காத்துக்கொள்ளும்போது அவனுக்குக் காயம் பட்டால் என் மேல் வழக்கா?

வழக்கு வரலாம், வாதம் உங்களுக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரைதான் இப்படி எண் மாறியிருக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், எதிராளி இறக்கும் அளவுக்கும் அந்த உரிமை நீளும் என்கிறது 38-ஆம் பிரிவு. 40-ஆம் பிரிவின்படி ஆபத்தின் அச்சம் எழும்போது உரிமை தொடங்குகிறது, அச்சம் நீடிக்கும்வரைதான் நீடிக்கிறது. கத்தி கீழே விழுந்து அவன் ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப் பிடித்து அடித்தால், அந்த அடிக்கு நீங்கள்தான் குற்றவாளி. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதை 37-ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது.

குத்துப்பட்டால் முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

பூட்டுப்பிடிகளை விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வயது வந்தவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம், அதில் 2 லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான்.

ஒருவர் 108-க்குப் பேசட்டும், மற்றவர் கையை வையுங்கள். கை, காலில் இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது இல்லாமல், இறுக்குக்கட்டு போடுங்கள். கடையில் விற்கும் டூர்னிகெட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் துப்பட்டாவையோ துண்டையோ இரண்டு அங்குல அகலத்துக்கு மடித்துக் கட்டி, முடிச்சில் உறுதியான குச்சியைச் செருகித் திருகுங்கள். பேனா உடைந்துவிடும், மெல்லிய கயிறு சதையை அறுக்கும். இரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். அடிபட்டவர் வலியில் கத்துவார், அதைக் கேட்டுத் தளர்த்திவிடாதீர்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை போய்ச் சேர்ந்தால் கால் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

கவுட்டியிலும் அக்குளிலும் கட்டுப் போட முடியாது. காஸ் துணியை, இல்லையென்றால் சுத்தமான பருத்தித் துணியை, விரலால் காயத்துக்குள் அடிவரை திணித்து, மேலே இரண்டு உள்ளங்கையாலும் உடல் எடையைப் போட்டுப் பத்து நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் கட்டிய இரத்தம் பெயர்ந்துவிடும். கழுத்தில் அழுத்தம் மட்டும். மார்பிலும் வயிற்றிலும் துணியைத் திணிக்கவே கூடாது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் ஈரத் துணியால் மூடுங்கள். கத்தி உள்ளேயே நின்றிருந்தால் பிடுங்காதீர்கள், சுற்றிலும் துணி வைத்து அசையாமல் கட்டுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் போட வேண்டாம். தண்ணீர் கேட்டாலும் தராதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

எங்கே கொண்டு போவது? போலீஸ் வந்தால்தான் பார்ப்பார்களா?

நெடுஞ்சாலையோரம் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ராணிப்பேட்டை வளாகம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் பெரிய இடங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், வாலாஜா பக்கமானால் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனை. எது அருகில் என்பதை 108 ஊழியர் முடிவு செய்யட்டும். போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. தயங்கினால் அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவாகும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. இரத்தம் பட்ட துணியைத் துவைக்காமல், நிழலில் காயவிட்டு, பிளாஸ்டிக் பையில் அல்ல, காகித உறையில் போட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெட்டுவிடும்.